மன்றத்தின் ஒரே பொன்னாடை

எங்கள் மன்றத்தின் சட்டதிட்டங்களில் ஏழாவது விதி இப்படிச் சொல்லும்: ‘பாராட்டப்படுபவர், நன்றியுரை முடிந்து நாட்டுப்பண் பாடப்படும் வரை மேடையை விட்டு இறங்கலாகாது.’ எழுதியவன் நான்தான். அதற்கு முன்பு ஒருமுறை மாநில அளவில் பளு தூக்கிய ஒரு பையனைப் பாராட்டினோம். மூன்றாவது பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும்போது டீ குடிக்கப் போனவன் திரும்பவே இல்லை. அவனுக்கென்று வைத்திருந்த பாராட்டு இரண்டு மணி நேரத்துக்கு மிச்சம் கிடந்தது. வீணாக்குவானேன் என்று அதைத் தலைவருக்கே செலுத்தி முடித்தோம்.

முத்துநகர் சாதனையாளர் பாராட்டு மன்றம் என்றால் தூத்துக்குடியில் தெரியாதவர்கள் இருக்கலாம். மில்லர்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. இருபத்தோரு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு விழா நடத்தியிருக்கிறோம். அதில் சாதனையாளர்கள் பதினொரு பேர். மற்ற நானூற்றொன்றும் உறுப்பினர்களாகிய நாங்கள் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டது. சாதனையாளர் அகப்படாத மாதத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

நான் பொன்னாடைப் பொறுப்பாளன். சின்னப் பதவி என்று நினைத்துவிட வேண்டாம். மன்றத்துக்கு இருப்பது ஒரே ஒரு பொன்னாடை. மயில்கழுத்து நிறம், விரற்கடை அகல ஜரிகை. ஒருவர் வந்து பாராட்டப்படுபவருக்கு அதைப் போர்த்துவார், போட்டோ எடுப்பார்கள், போர்த்தியவர் கும்பிட்டு நகர்வார். நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் நான் அதை உருவி, மடித்து, திரைக்குப் பின்னால் சுற்றிப்போய், மேடையின் மறுகோடியில் வரிசையில் நிற்கும் அடுத்தவர் கையில் கொடுப்பேன். மொத்தம் பதினேழு விநாடி. கீழே இருப்பவர்களுக்குப் பொன்னாடை மழையாகப் பொழிவது போலத் தெரியும். ஒரே விழாவில் எழுபத்திரண்டு முறை அந்தப் பொன்னாடை தோள் ஏறியிருக்கிறது. அதுதான் மன்றத்தின் சாதனை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இந்த வேகத்துல நாங்க பெட்டி இறக்குனா கப்பலு வந்த அன்னைக்கே திரும்பிரும்” என்றார்.

இப்படி மன்றம் செழித்திருந்த நாளில்தான் பேச்சிச்செல்வி தங்கம் வாங்கித் தொலைத்தாள்.

வேப்பலோடைப் பக்கத்துப் பெண். இருபத்து மூன்று வயது. தேசியப் போட்டியில் இருபது கிலோமீட்டர் நடைப்பந்தயத்தில் முதலாவதாக வந்துவிட்டாள். பேப்பரில் தீப்பெட்டி அளவுக்குச் செய்தி. செயலாளர் வேல்ராஜ் அதைக் கத்தரித்துக்கொண்டு வந்து செயற்குழுவில் வைத்தார்.

தலைவர் சுந்தரராஜ் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு முறை படித்தார். “நடந்ததுக்கா தங்கம்?”

“இருபது கிலோமீட்டர் அண்ணாச்சி.”

“எங்க அத்தை நாசரேத்துல இருந்து மணப்பாட்டுக்கு நடந்தே போயிட்டு வருவாவ. எவனாவது ஒரு பித்தளை டம்ளர் குடுத்தானா?”

நான் எழுந்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தப் பந்தயத்தில் ஓடக் கூடாது. எந்நேரமும் ஒரு கால் தரையில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு காலும் தரையை விட்டு எழும்பினால் நடுவர் அட்டை காட்டுவார். மூன்று அட்டை விழுந்தால் அவ்வளவுதான்.

தலைவர் முகம் மலர்ந்தது. “யாரும் ரொம்ப எழும்பிரக் கூடாதுன்னு விதி வச்சிருக்கான். நம்ம மன்றத்துக்குப் பொருத்தமான விளையாட்டுதான்.” தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

பேச்சிக்கு அந்த நடை வந்த விதம் வேறு. அவள் அம்மா சீனித்தாய் உப்பளத்தில் சுமை எடுப்பவள். பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே வரப்பு ஒரு முழம் அகலம். தலையில் உப்புக் கூடை. ஓடினால் உப்பு சிந்தும். மெதுவாகப் போனால் பின்னால் வருகிறவள் இடிப்பாள். ஆகவே இடுப்பை ஆட்டி, முழங்காலை மடக்காமல், கூடை அலுங்காமல் விருட்டென்று ஒரு நடை. விளையாட்டுக்காரர்கள் புத்தகம் போட்டு அதைப் படிக்கிறார்கள். பேச்சி பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவுக்குப் பின்னால் கூடை தூக்கிப் படித்தாள்.

வெள்ளிக்கிழமை விழா என்று சொல்ல வீட்டுக்குப் போனோம். அவள் கையைப் பிசைந்தாள்.

“சார், வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு நாப்பதுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல எனக்கு டிக்கெட்டு. சென்னைக்குப் போய் அங்கன இருந்து ராஞ்சி போகணும். திங்கக்கிழமை காலையில தேர்வு. அதுல நடந்தாத்தான் இந்திய அணி. அந்த வண்டியை விட்டா அவ்வளவுதான் சார்.”

“ஏழு மணிக்கு அனுப்பிருவோம்மா” என்றார் வேல்ராஜ். “ஏழரைன்னு வச்சுக்க.”

உள்ளேயிருந்து சீனித்தாய் தலையை நீட்டினாள். “அண்ணாச்சி, எனக்கு எங்கன இடம்?”

வேல்ராஜ் அழைப்பிதழை விரித்தார். முப்பத்தாறு பெயர். தலைமை, முன்னிலை, வரவேற்பு, வாழ்த்துரை, சிறப்புரை, பேருரை. விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். “அம்மான்னு ஒரு தலைப்பு நம்ம இதுல கிடையாது. கடைசியில ‘மற்றும் பலர்’னு இருக்கு பாருங்க. அதுல நீங்க இருக்கீங்க.”

“நல்லதாப் போச்சு” என்றாள் சீனித்தாய். “பலரோட பலரா உக்காந்துக்கிடுதேன்.”

வியாழக்கிழமை மாலை ஒத்திகை. பாராட்டைத் தாங்குவதற்கும் பயிற்சி வேண்டும் என்பது தலைவர் கொள்கை. நாற்காலியின் முன் நுனியில் உட்கார வேண்டும். கை கூப்பியபடியே இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் எழுந்து போகத் தோன்றும். கடிகாரம் பார்க்கக் கூடாது. பேச்சாளர் மனம் புண்படும்.

“அப்பா தவறிப்போன இடத்தை நான் சொல்லும்போது லேசாத் தலையைக் குனியணும்” என்றார் தலைவர்.

“அப்பா இருக்காரு சார்.”

“இருக்காரா?”

“துறைமுகத்துல லாரிக்குத் தார்ப்பாய் கட்டுதாரு.”

தலைவர் தன் பேச்சுத் தாளைப் பார்த்தார். அதில் இரண்டு பக்கம் அப்பாவின் மறைவுக்குப் போயிருந்தது. “சரி. நாளைக்கு அவருக்கு வேலை இருக்கும்லா? வர வேண்டாம்னு சொல்லிரு” என்றார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மில்லர்புரத்து மண்டப வாசலில் இருபதடி பேனர் கட்டியாயிற்று. தலைவர் எட்டடி உயரத்தில் சிரித்தார். செயலாளர் ஆறடி. செயற்குழு வரிசையாக இரண்டடி. வலது மூலையில் தலைவர் முட்டிக்குக் கீழே, மின்னல் போல ஓடும் ஒரு வெள்ளைக்காரப் பெண்.

பேச்சி அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். “சார், இது நான் இல்லையே.”

“உன் படத்தைப் போட்டா காய்கறி வாங்கப் போற மாதிரி இருக்கும்மா” என்றார் வேல்ராஜ். “இது உன் உணர்ச்சி.”

ஐந்து மணி விழா ஐந்துக்கே தொடங்கியிருக்கும். சிறப்பு விருந்தினர் பிரைட்டன் வரவில்லை. கிராமப்புற விளையாட்டு மேன்மைக் குழுவின் உயர்மட்ட ஆலோசகர். அவர் வரும்வரை கூட்டத்தைக் கலையாமல் வைத்திருக்க, வரவேற்புரையாளர் எல்லோரையும் இரண்டு முறை வரவேற்றார். மண்டபத்தைக் கூட்டிப் பெருக்க வந்த அம்மாவும் வரவேற்கப்பட்டாள். ஆறு ஐம்பதுக்குப் பிரைட்டன் வந்தார். குத்துவிளக்கு காற்றில் மூன்று முறை அணைந்தது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெரியவர்கள் ஏற்றினார்கள். ஒருவருக்கும் மனக்குறை இல்லை.

பிறகு பொன்னாடை. நான் சுற்றத் தொடங்கினேன். பதினெட்டாவது சுற்றில் பேச்சி உதடு அசையாமல் என்னிடம் கேட்டாள்.

“தாத்தா, மணி என்ன?”

“ஏழு இருபது.”

“இன்னும் எத்தனை பேரு?”

“பொன்னாடைக்கு இருபத்தொண்ணு. பேச்சுக்குப் பதினாலு.”

அவள் கண்ணில் நீர் கோத்தது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், “பாத்தியா, பாராட்டு எப்படி உருக்குதுன்னு” என்றார்.

வாழ்த்துரைக்கு உப்பள முதலாளி இசக்கியப்பன் மைக்கைப் பிடித்தார்.

“இந்தப் பிள்ளை எங்க அளத்துப் பிள்ளை. போட்டிக்குப் போகணும்னு லீவு கேட்டு எத்தனையோ தடவை வந்திருக்கு. ஒரு தடவைகூட நான் குடுத்தது கிடையாது. ஏன்? அதனாலதான் போட்டியை முடிச்சுட்டு வேலைக்கு மணி அடிக்கதுக்குள்ள வந்து சேரணும்னு விரசா நடந்து பழகுச்சு. ஒருநாள் பஸ்ஸை விட்டுட்டு ஓட்டப்பிடாரத்துல இருந்து நடந்தே வந்துச்சு. நான் கேட்டைப் பூட்டிட்டேன். மனசு கேக்கலை. ஆனாலும் பூட்டுனேன். இந்தத் தங்கத்துல பாதி அந்தக் கேட்டுக்குச் சேரணும்.”

பலத்த கைதட்டல். கடைசி வரிசையில், பேச்சியின் பயணப் பையை மடியில் வைத்திருந்த சீனித்தாய் மட்டும் தட்டவில்லை. “கேட்டுக்கு ஒரு பொன்னாடை போடுங்க அண்ணாச்சி” என்று ஒரு குரல் வந்தது. யாருடையதென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏழு ஐம்பத்தைந்துக்குப் பேச்சி நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டாள். தலைவர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“சார், ரயிலு.”

“ரயில் நாளைக்கும் உண்டும்மா. இந்தப் பாராட்டு நாளைக்கு உண்டா?”

“நாளைக்கு ஏறுனா தேர்வுக்குப் போய்ச் சேர முடியாது சார்.”

“தேர்வுல ஜெயிச்சா என்ன கிடைக்கும்?”

அவள் யோசித்தாள். “ஆசியப் போட்டிக்குப் போவேன்.”

“அங்க ஜெயிச்சா?”

“ஊருக்கு வருவேன். பாராட்டு விழா வப்பீங்க.”

“அதைத்தானே இப்பவே வச்சுக்கிட்டிருக்கோம்” என்றார் தலைவர். “இதுக்கு எதுக்கு ராஞ்சி வரைக்கும் சுத்தணும்?”

நான் பொன்னாடையை உருவி அடுத்த சுற்றுக்குக் கிளம்பினேன்.

எட்டு மணிக்குப் பிரைட்டன் எழுந்தார். முதலில் பொன்னாடையைப் போர்த்தினார், அது முப்பத்தொன்பதாவது. நான் உருவுவதற்குக் கையை நீட்டும்போதே அவர் மைக்கில் தொடங்கிவிட்டார். சிறப்பு விருந்தினர் பேசும்போது பின்னால் அசையக் கூடாது என்பது மரபு. கையை மடக்கிக்கொண்டேன்.

“சிற்றூர்களில்தான் சிங்கங்கள் பிறக்கின்றன” என்றார் பிரைட்டன். “இந்த வீராங்கனை இரண்டு வருடத்துக்கு முன்னால் பந்தயக் காலணி கேட்டு எங்கள் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் போட்டார். நானே படித்தேன். ஓட்டக்காரருக்கு ஷூ தேவை, ஒப்புக்கொள்கிறேன். நடப்பதற்கு எதற்கு ஷூ? நாமெல்லாம் செருப்போடு நடக்கவில்லையா? இந்தக் காரணத்தை எழுதி நானே கையெழுத்துப் போட்டு நிராகரித்தேன். ஒரே வாரத்தில் பதில் அனுப்பினோம். இவ்வளவு வேகமாகப் பதில் அனுப்பும் குழு இந்தியாவில் வேறு எதுவும் இல்லை. இன்று அவர் தங்கத்தோடு நிற்கிறார். எங்கள் முடிவு சரி என்று நிரூபித்துவிட்டார்.”

அவரே முதலில் கை தட்டினார். பிறகு பேச்சியின் பக்கம் திரும்பினார்.

“உண்மையைச் சொன்னால், இந்த நடை எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை. கொஞ்சம் நடந்து காட்டும்மா.”

பேச்சி எழுந்தாள். மேடை பன்னிரண்டடி. நான்கு எட்டில் முடிந்து சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள்.

“மேடை போதாது. கீழே இறங்கி நடந்து காட்டு.”

தலைவர் பதறிப்போய் அவர் காதைக் கடித்தார். “சார், ஏழாவது விதிப்படி இறங்கக் கூடாது.”

“நான் சொல்லுதேன்லா?”

தலைவர் என்னைப் பார்த்தார். விதியை எழுதியவன் நான் என்பதால் பொருள் சொல்லும் உரிமையும் எனக்குத்தான். நிதானமாக யோசித்தேன். “சிறப்பு விருந்தினர் சொல்லே இறுதியானது என்பது இரண்டாவது விதி. இரண்டு முந்தி வருது, ஏழு பிந்தி வருது. முந்தினதுதான் பெரிசு” என்றேன்.

பேச்சி ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தாள். அப்போது பொன்னாடை அவள் தோளில் இருந்தது. எட்டிப் பிடித்திருந்தால் அகப்பட்டிருக்கும் என்று பிற்பாடு மன்றத்து விசாரணையில் சிலர் சொன்னார்கள். எனக்கு வயது எழுபத்து நான்கு. சில சமயம் கை எட்டுவதில்லை.

படி இறங்கினாள். இடுப்பு ஒரு வெட்டு வெட்டியது. நாற்காலிகளுக்கு நடுவே பொன்னாடை பறக்க ஒரு போக்குப் போனாள் பாருங்கள், இரண்டு பக்கமும் அழைப்பிதழ்கள் பறந்தன. கடைசி வரிசையில் சீனித்தாய் எழுந்து நின்று பயணப் பையைத் தலையில் தூக்கி வைத்தாள். “திரும்பிப் பாக்காமப் போளா” என்றாள். மகள் கதவைத் தாண்டினாள். தாயும் தாண்டினாள்.

மண்டபம் கை தட்டியது. கதவு வரை போய்த் திரும்புவாள் என்று தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. பிரைட்டன் வெறும் நடைபாதையைப் பார்த்து, “அருமை. வேகம் கண்ணுக்கே தெரியவில்லை” என்றார்.

தலைவர்தான் முதலில் விழித்துக்கொண்டார். பேச்சியைத் தேடவில்லை. என்னைப் பார்த்து, “வேய், பொன்னாடை எங்க வே?” என்றார்.

அடுத்த நிமிடம் முத்துநகர் சாதனையாளர் பாராட்டு மன்றம் தெருவில் இறங்கியது. தலைவர் காரில். செயற்குழு ஆட்டோக்களில். வேல்ராஜ் தன் ஸ்கூட்டரில். பின்னால் நான், என் மடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பாய்மரத் தோணி வைத்த நினைவுப் பரிசு. அதன் எடை எட்டுக் கிலோ. தோணியின் பாயில் தலைவர் படம் ஒட்டியிருந்தது.

பாளையங்கோட்டை ரோட்டில் அவர்களைக் கண்டோம். பேச்சி முன்னால். பத்தடி பின்னால் சீனித்தாய், தலையில் பை. கையால் பிடிக்கவில்லை, பை அசையவும் இல்லை. நாங்கள் நெருங்கவும், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. கார், ஆட்டோ, ஸ்கூட்டர் எல்லாம் நின்றன. தாயும் மகளும் லாரியின் ஓரமாகப் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

“இறங்குங்கலே, ஓடுங்கலே” என்று கத்திக்கொண்டு தலைவர் காரை விட்டுக் குதித்தார்.

இருபத்தோரு வருடத்தில் முதல் முறையாக மன்றம் ஓடியது. வேட்டியை மடித்துக் கட்டியவர்களும், செருப்பைக் கையில் எடுத்தவர்களுமாக முப்பத்தாறு பெயர்களில் இருபது பேர் ஓடினார்கள். நான் தோணியை வேல்ராஜ் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்துச் சந்திலிருந்து காலியாக வந்த ஆட்டோவைத் திருப்பச் சொல்லி ஏறிக்கொண்டேன். குறுக்குச் சந்துகளில் போனான், நல்ல பையன். ஒவ்வொரு சந்து முனையிலும் எனக்கு ரோடு தெரிந்தது. மன்றம் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். இடைவெளி ஒவ்வொரு சந்துக்கும் கூடிக்கொண்டே போயிற்று. தாய்க்கும் மகளுக்கும் நடுவே இருந்த பத்தடி மட்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“அவ ஓடுதா, ஓடுதா” என்று பின்னாலிருந்து வேல்ராஜ் கத்தினார். நான் நடுவர் கண்ணோடு பார்த்தேன். பேச்சிக்கு எந்நேரமும் ஒரு கால் தரையில் இருந்தது. தலைவருக்குத்தான் இரண்டு காலும் எழும்பின. மூன்று அட்டைக்கு மேல் தேறும்.

எட்டு முப்பத்தைந்துக்கு நானும் பிளாட்பாரத்தில் இருந்தேன். பேச்சி பெட்டிக்குள் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். சீனித்தாய் பையை உள்ளே தள்ளினாள். பேச்சி தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து முகத்தின் வேர்வையைத் துடைத்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் புரட்டிப் பார்த்தாள்.

“நல்ல துணியாத்தான் இருக்கு. நீ வச்சுக்கம்மா, கூடைக்கு அடியில சும்மாட்டுக்கு ஆகும்” என்று அம்மாவிடம் நீட்டினாள்.

“ஜரிகை குத்துமேளா.”

“ரெண்டு துவைப்புல போயிரும்.”

“சரி, நீ போய் ஒழுங்கா நட. இங்கன நடந்த மாதிரி நடந்தாப் போதும்” என்றாள் சீனித்தாய்.

வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டும்போது தலைவர் வந்து சேர்ந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். “போச்சே வே. பொன்னாடை மெட்ராஸுக்குப் போகுதே.” அப்போது எதிரே, துணியைச் சுருட்டித் தலையில் வைத்தபடி சீனித்தாய் வந்தாள். அழைப்பிதழில் பெயர் இல்லாத ஆளைத் தலைவருக்கு எப்படித் தெரியும்? “ஓரமாப் போம்மா” என்றார். அவள் ஓரமாகப் போனாள். நான் பேசாமல் இருந்தேன். பொறுப்பாளர் கேட்காமல் பேசக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. இல்லாவிட்டால் எழுதிக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை பேச்சி ராஞ்சியில் இரண்டாவதாக வந்து இந்திய அணியில் இடம் பிடித்தாள். மன்றம் அவசரக் கூட்டம் போட்டு, மில்லர்புரத்தில் இருந்து ஸ்டேஷன் வரை தாங்கள் அளித்த பயிற்சியே இதற்குக் காரணம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. விழா எடுக்க வழியில்லை. பொன்னாடை இல்லை. புதிதாக வாங்கலாமே என்று ஒரு புது உறுப்பினர் கேட்டார், மரபு தெரியாதவர். இரண்டு மாதம் தூத்துக்குடியில் ஒரு பாராட்டும் நடக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் ஊரில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. பெண்ணின் தாயைக் கேட்டால் என்ன? வேல்ராஜும் நானும் அவருடன் உப்பளத்துக்குப் போனோம். வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள். வரப்பில் பெண்கள் வரிசையாகக் கூடை சுமந்து வந்தார்கள். முதலாவது சீனித்தாய். கூடைக்கும் தலைக்கும் நடுவே மயில்கழுத்து நிறத்தில் ஒரு சும்மாடு. ஜரிகை போய்விட்டிருந்தது.

தலைவர் வாயைத் திறந்தார். சும்மாட்டை நோக்கி விரலை நீட்டினார். “எம்மா, நில்லும்மா. அது எங்க மன்றத்து…”

“நிக்க முடியாது சார், தலையில பாரம். கூட நடந்துக்கிட்டே சொல்லுங்க, கேக்கேன்.”

தலைவர் வரப்பில் கால் வைத்தார். முதல் எட்டு வைத்தார். இரண்டாவது வைத்தார். மூன்றாவதில் பாத்திக்குள் முழங்கால் அளவு உப்புத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். வரிசையில் வந்த பெண்கள் கூடை அலுங்காமல் சிரித்தார்கள். அது பெரிய வித்தை.

சீனித்தாய் அம்பாரத்தில் கூடையைக் கவிழ்த்துவிட்டு, சும்மாட்டை உதறித் திரும்ப வைத்துக்கொண்டு எங்களைக் கடந்தாள்.

“இன்னைக்கு இது எத்தனாவது நடை?” என்று கேட்டேன்.

“எழுவத்தி மூணு அண்ணாச்சி.”

மன்றத்தின் சாதனை முறியடிக்கப்பட்டுவிட்டது. நான் கை தட்டினேன். வேல்ராஜும் கையைத் தூக்கினார். ஆனால் தலைவர் தொடங்காமல் உறுப்பினர் தட்டக் கூடாது என்பது ஐந்தாவது விதி. தலைவரோ எழுந்திருப்பதற்காக இரண்டு கையையும் பாத்திக்குள் ஊன்றியிருந்தார்.